பதினொரு பேர்

வியாழன், பிற்பகல் மூன்று மணி.
மருந்துக் கிடங்கின் பின்னறையில்
ஆறு நாற்காலி, ஐந்து பேர், ஒரு கெட்டில்.
வெளியே புன்தா அரேனாஸின் நவம்பர்க் காற்று;
தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு
ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

கட்டுரை ஒன்பது பக்கம்.
காலில் ஆறாத புண்ணுக்கு
வெள்ளி கலந்த கட்டுத்துணி.
சுருக்கத்தின் கடைசி வரி
மாப்பிள்ளைத் தோழன்போல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது:
புதிய துணியில் அறுபத்தேழு சதவீதம் ஆறியது,
பழையதில் நாற்பத்தேழுதான்.

நான் முன்பே நம்பியாயிற்று.
செப்டம்பரில் இரண்டு பெட்டி வரவழைத்தவள் நான்.
ஆட்டு மயிர் கத்தரிக்கும் எலிசியோ பர்ரியாவின் கணுக்காலில்
முதல் துணியைச் சுற்றியவளும் நான்.
மூன்றாம் வாரம் புண்ணின் ஓரத்தில்
இளஞ்சிவப்பாய்த் தோல் எட்டிப்பார்த்தது.
என் கண்ணால் பார்த்தேன் என்று
மேசையைத் தட்டினேன்.

"பார்த்தது ஒரு காலை" என்றான் மிர்கோ,
மாத்தே உறிஞ்சும் குழலை வாயிலிருந்து எடுக்காமல்.

ஒரு சோறு பதம் சொல்லும்தான்,
எல்லாச் சோறும் ஒரே பானையில் வெந்திருந்தால்.
மனிதர்கள் தனித்தனி அடுப்பு.

யாருக்கு எந்தத் துணி என்று முடிவு செய்தது யார்?
கணினி குலுக்கிய சீட்டு. சரி.
புண்ணை அளந்தவருக்கு அது தெரியுமா?
நான்காம் பக்கத்தில் தேடினோம், ஐந்தில் தேடினோம்.
எங்கேயும் சொல்லவில்லை.
வெள்ளி தோலில் சாம்பல் கறை விடும்;
கறையைப் பார்த்த பிறகு
அளவுகோல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்?
பணம் கொடுத்தது துணி விற்கிற கம்பெனி.
"அதனால் பொய் என்று ஆகாது" என்றாள் சிமேனா.
"இன்னொரு தடவை படிக்கணும், அவ்வளவுதான்."

இன்னொரு தடவை படித்தபோதுதான்
இரண்டாம் அட்டவணைக்குக் கீழே
எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி.
தொடர்பு விட்டுப்போனவர்கள்:
வெள்ளியில் பதினொருவர், பழையதில் இருவர்.

மிர்கோ ரொட்டி சுற்றிய காகிதத்தில் கணக்குப் போட்டான்.
ஆறியவர் இருபத்துநாலு.
கடைசிவரை நின்ற முப்பத்தாறு பேரால் வகுத்தால்
அறுபத்தேழு.
தொடங்கிய நாற்பத்தேழு பேரால் வகுத்தால்
ஐம்பத்தொன்று.
பழைய துணிக்கும் அப்படியே வகுத்தான்: நாற்பத்தைந்து.
இருபது படி ஏறி நின்ற வித்தியாசம்
ஆறு படியில் உட்கார்ந்துவிட்டது.

கெட்டில் கொதித்தது. யாரும் எழவில்லை.

எங்கே போனார்கள் அந்தப் பதினொரு பேர்?
ஆறிவிட்டது, இனி எதற்கு என்று இருந்துவிட்டார்களா?
பஸ்ஸுக்குக் காசில்லையா?
செத்தே போனார்களா?
கட்டுரைக்குத் தெரியாது.
தெரியாது என்பதையும் அது
பெரிய எழுத்தில் சொல்லவில்லை.

எலிசியோ வந்து இரண்டு வாரமாகிறது.
நீரிணையில் காற்று, போர்வெனிர்ப் படகு ஓடவில்லை,
கத்தரிப்புப் பருவம் வேறு என்று
எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன்.
என் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே
ஒரே சொல்: வரவில்லை.
அதுவும் என் கையெழுத்து.

அன்று மாலை போன் போட்டேன்.
பின்னால் ஆடுகளின் சத்தம்.

"எரிஞ்சுது, சிஸ்டர்.
நாலாம் வாரமே கழட்டிட்டேன்.
பழைய துணிதான் சுத்தியிருக்கேன்."

ஏன் சொல்லவில்லை?

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்களே."

இப்போது எப்படி இருக்கிறது?

"ஆறிக்கிட்டுத்தான் இருக்கு.
எதனாலன்னு கேட்காதீங்க."

கேட்கவில்லை.
பிரிக்காத இரண்டாம் பெட்டி
அலமாரியில் இருந்தபடி என்னைப் பார்த்தது.
'வரவில்லை'யை அடித்துவிட்டு எழுதினேன்:
எரிச்சல். நான்காம் வாரம். தானே கழற்றினார்.
புண் ஆறுகிறது, காரணம் தெரியவில்லை.

அடுத்த வரியிலும் ஒரு 'வரவில்லை'.
பேனாவை மூடாமல்
மறுபடி ரிசீவரை எடுத்தேன்.